அப்பா சொல்லிக்கொடுத்த பன்னிரண்டு

போன வார அத்தியாயத்தில் மகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், அவள் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். ஆனால் முகம் மட்டும் போன வாரத்து முகம் இல்லை.

"அம்மா! அப்பா! ரெண்டு பேரும் கொஞ்சம் இங்க வாங்களேன்!"

காலை ஆறே முக்கால். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தாள். அப்பா யூனிஃபார்ம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டபடி, இன்னொரு கையில் காபி டம்ளரோடு வந்தார். பதினேழாம் நம்பர் பஸ்ஸை இருபத்தேழு வருஷமாக ஓட்டுகிற மனிதர். டிப்போவில் அவருக்குப் 'பெரியவர்' என்று பேர். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

"என்னடி, ஏதாவது கடிச்சிடுச்சா?" என்றாள் அம்மா.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா! நான் நெனச்சது சரிதான்!"

அந்த வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் இவள்தான். மிதித்தவள் ஒழுங்காகப் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஒரு வேலைக்குப் போனாளா என்றால் இல்லை. மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று மூன்று டிபார்ட்மெண்டுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூளை டாக்டர் ஒருவர், கம்ப்யூட்டர்காரர் ஒருவர், தத்துவப் பேராசிரியர் ஒருவர். டாக்டர் மனசை மூளைக்குள் தேடுகிறார், கம்ப்யூட்டர்காரர் அதை மெஷினில் செய்து காட்டுகிறேன் என்கிறார், தத்துவக்காரர் அப்படி ஒன்று இருக்கிறதா என்றே கேட்கிறார். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் இவள் அடுத்த வருஷம் தொடரலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தக் கமிட்டி இன்றைக்குப் பதினோரு மணிக்கு.

"பழகின ரோட்டுல மனசு தூங்கிடும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான் இல்லைங்கறேன். பழகினவங்க மனசுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு. ஒண்ணு மாறினா சுருக்குன்னு உறுத்தும். பாருங்க!" என்று திரையைத் தட்டினாள்.

செய்தது இதுதான். பதினேழாம் நம்பர் போகிற பாதையை டிரைவர் சீட்டில் இருந்து பார்க்கிற மாதிரி வீடியோ எடுத்தாள். அதில் பன்னிரண்டு இடத்தில் கம்ப்யூட்டரால் கைவைத்தாள். ஒரு மரத்தை எடுத்தாள், மருந்துக்கடைப் பச்சைப் போர்டை நீலமாக்கினாள், தபால் பெட்டியை எதிர்ப் பக்கத்துக்கு நகர்த்தினாள், இப்படி. பார்க்கிறவர் எங்கேயாவது உறுத்தினால் பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"வேற ரூட் டிரைவருங்க நாலு, அஞ்சுதான் கண்டுபிடிச்சாங்க. நம்ம பதினேழாம் நம்பர்காரங்க இருபத்திரண்டு பேர்ல ஒருத்தர்கூட பதினொண்ணுக்குக் கீழ போகல!"

"ஒருத்தர்கூடவா?" அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "நல்லா இருப்பாங்க."

பெரியவர் காபி டம்ளரை அப்படியே மேஜையில் வைத்தார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "அவங்க தப்பு விட்டிருந்தா உனக்கு மார்க் குறையும்தானே?"

"எனக்கு எதுக்குப்பா மார்க் குறையணும்? இது பரீட்சையே இல்ல. எது கண்ணுல படுது, எது படலன்னு பாக்கறதுதான் வேலை. படலன்னாலும் அது எனக்கு ஒரு பதில்தான்."

"ஓ."

"என்ன ஓ?"

"இல்ல... ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு ஒருத்தன் வந்து உக்காந்தா?"

மகள் சிரித்தாள். "அப்ப அந்த நம்பரைத் தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான். அப்படி யாரும் வரலயே. வீடியோ என்கிட்டதானே இருக்கு."

அம்மா மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு இன்னொரு செருப்பைத் தேடப் போனாள். பெரியவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயைத் திறந்தார். மகள் கண்ணாடி முன்னால் நின்று, "மதிப்பிற்குரிய உறுப்பினர்களே" என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டு டிப்போவுக்கு நடந்தார்.

அவர் செய்திருந்தது என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவை முதன்முதலில் பார்த்தது பெரியவர். சொந்த அப்பாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஒத்திகைக்கு மட்டும் என்றுதான் உட்காரவைத்தாள். பன்னிரண்டில் ஒன்பதைப் பிடித்தார். மீதி மூன்று என்ன, மூன்று என்ன என்று இரண்டு நாள் நச்சரித்ததில், சரி போகட்டும் என்று அவளே காட்டிவிட்டாள். வெளியே பேசக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினாள். மகள் நீட்டிய தாளை எந்த அப்பன் படித்துப் பார்ப்பான்? போட்டார்.

அடுத்த வாரம் டிப்போ ஓய்வறையில் 'ஹாரன்' என்கிற டிரைவர் குசுகுசுத்தார். "பெரியவரே, நாளைக்கு என்னை உன் பொண்ணு வரச் சொல்லியிருக்கா. எனக்குப் படபடன்னு வருது. நான் ஏதாவது தப்பா அமுக்கி, இந்த ஜனங்களுக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னு அந்தப் பெரிய படிப்புக்காரங்க எழுதிட்டா?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. டூட்டிச் சீட்டைத் திருப்பிப் போட்டார். டெர்மினஸில் இருந்து டெர்மினஸ் வரை கோடு இழுத்தார். பன்னிரண்டு இடத்திலும் புள்ளி வைத்தார். ஹாரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு 'கொட்டாவி'க்கு. பிறகு 'நெட்டை'க்கு. வந்தவர்களுக்கெல்லாம். புரியாதவர்களை உட்காரவைத்து இரண்டாம் தடவை. இவ்வளவு அக்கறையாக அவர் மகளுக்கே பாடம் சொல்லிக்கொடுத்ததில்லை, ஏனென்றால் எட்டாம் வகுப்புக்கு மேல் அவருக்கே தெரியாது.

ஆக, மகள் காலையில் குதித்துக் குதித்துக் காட்டிய எண்கள் எல்லாம் அப்பா உபயம்.

அன்றைக்குப் பஸ் ஓட்டியது பெரியவரின் கையும் காலும்தான். மனம் மகளுக்குப் பின்னாலேயே போயிருந்தது. சொல்லிவிட்டால் இரண்டு வருஷ உழைப்பு பாழ். சொல்லாவிட்டால் அவள் அங்கே நின்று, பொய் என்று தெரியாமலே பொய் சொல்வாள். பெற்ற அப்பனே பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனே என்று உள்ளே குமைந்தார்.

"டிரைவர் சார்! டிரைவர் சார்! ஆஸ்பத்திரி ஸ்டாப்பைத் தூக்கிட்டாங்களா என்ன?"

திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். ஸ்டாப் நூறடி பின்னால் இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை.

கண்டக்டர் பெண் முன்னால் ஓடி வந்தாள். ஒல்லியாக, விடாமல் பேசுகிறவள். 'குருவி' என்று பேர். "அண்ணே, என்ன ஆச்சு? தூங்கிட்டீங்களா?"

"தப்பு பண்ணிட்டேன்மா."

"ஒரு ஸ்டாப்தானே, விடுங்க."

"ஸ்டாப் இல்லம்மா." அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தது. அது பச்சையாவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டார்.

குருவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணே! போன் பண்ணுங்க!"

"உள்ள போறதுக்கு முன்னாடியே போனை அணைச்சு வச்சிடுவா. டெர்மினஸ்ல பத்தே முக்காலுக்குப் பஸ்ஸை நிறுத்தினா பதினொண்ணு இருபது வரைக்கும் நமக்கு ஓய்வு. யூனிவர்சிட்டி பக்கத்துக் கட்டடம்தான். ஆனா போய் எப்படிம்மா சொல்லுவேன்?"

"சொல்லாம எப்படி இருப்பீங்க? அதச் சொல்லுங்க முதல்ல."

பச்சை விழுந்தது. பத்து நாற்பத்து மூன்றுக்கெல்லாம் பஸ் டெர்மினஸில் நின்றது. பயணிகள் இறங்கும் முன்பே டிரைவர் இறங்கினார்.

அந்தக் கட்டடத்தை இருபத்தேழு வருஷமாக வெளியிலிருந்து பார்த்திருக்கிறார். ஒத்திகைகூட வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. உள்ளே இன்றைக்குத்தான் கால் வைக்கிறார். வாசலில் காவலர் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"என் பொண்ணை."

"எந்த டிபார்ட்மெண்ட்?"

"அது... மூணு."

காவலருக்கு ஏதோ இரக்கம் வந்திருக்க வேண்டும். நாலாம் மாடி என்று கையைக் காட்டினார். லிஃப்ட் வரக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் பெரியவர் படியில் ஏறினார். மேலே போய்ச் சேரும்போது மூச்சு இரைத்தது.

நீள வராந்தா. கடைசிக் கதவுக்கு வெளியே மகள் காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். யூனிஃபார்மில் அப்பாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அப்பா! அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மா நல்லா இருக்கா. நான்தான்..." சுவரைப் பிடித்துக்கொண்டார். "அந்த நம்பர் எல்லாம் பொய்யிம்மா. நான் சொல்லிக்கொடுத்துட்டேன். பன்னண்டையும். படம் போட்டு."

மகள் சிரிக்கப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் அப்படியே சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த காகிதங்கள் நழுவித் தரையில் பரவின. பெரியவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எது மேலே, எது கீழே என்று தெரியவில்லை.

"ஏம்ப்பா?" குரல் கம்மியிருந்தது. "நான் பெயில் ஆயிடுவேன்னு நெனச்சீங்களா?"

"நீ ஏம்மா பெயில் ஆகப் போற? நாங்க பெயில் ஆயிடுவோம்னு பயந்தேன். உன் ஆளுங்க எல்லாம் மண்டுங்கன்னு உள்ள இருக்கிறவங்க நெனச்சா, உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்களேன்னு."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியாது. "நீங்க மண்டு இல்லன்னு காட்டத்தானேப்பா இந்த ஆராய்ச்சியே பண்றேன்," என்றாள்.

பெரியவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஒண்ணும் சொல்ல வேணாம்னு நீ சொன்னா, நான் இப்படியே போயிடறேன்," என்றார். "என் வாயிலேருந்து ஒரு சொல் வராது."

உள்ளேயிருந்து நாற்காலிகள் நகர்த்தும் சத்தம் வந்தது. அந்தக் கதவைத் தாண்டி அவள் என்ன சொன்னாலும் நம்புவதற்குத் தயாராக மூன்று பேர் இருந்தார்கள். அவளுக்கு அது தெரியும். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மிச்ச மூணையும் உங்களுக்குக் காட்டினது நான்தான். ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் ஒரே வீடியோவை வச்சதும் நான்தான். உள்ள வாங்க. நான் சொன்னா பாதிதான் தெரியும், மீதி உங்ககிட்டதான் இருக்கு."

"நானா? உள்ளயா?"

"ஆமா, நீங்கதான். சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் வெக்கப்படலயே!"

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த மூளை டாக்டர் அம்மாதான் மகளுக்கு வழிகாட்டி. மகள் உட்காரவே இல்லை. "இன்னிக்கு நான் காட்ட வந்த முடிவு செல்லாது. காரணத்தை எங்கப்பா சொல்வார்," என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டாள். பெரியவர் தொப்பியைக் கையில் பிசைந்தபடி ஆதியோடு அந்தமாகச் சொன்னார். தபால் பெட்டியைக்கூட விடவில்லை.

தத்துவக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கம்ப்யூட்டர்காரர் பேனாவைப் பட்டென்று மேஜையில் போட்டார். "இதுல சிரிக்க என்ன இருக்கு? ரெண்டு வருஷம் வீண். இதுக்கு மேல இந்தப் பொண்ணு தொடர்றதுல அர்த்தம் இருக்கான்னுதான் நாம பேசணும்."

டாக்டர் அம்மா மட்டும் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பேருக்குச் சொன்னீங்க?"

"வந்தவங்க எல்லாருக்கும்ங்க."

"எண்ணிச் சொல்லுங்க."

பெரியவர் விரலை மடக்கினார். "ஹாரன், கொட்டாவி, நெட்டை, சோடாபுட்டி, அவசரம், புது மாப்பிள்ளை, பழைய மாப்பிள்ளை..." தத்துவக்காரர் மறுபடி குலுங்கினார். விரல்கள் போதாமல் கணுவுக்கு வந்து, கணுவும் முடிந்து, கடைசியில் நின்றார். "இருபத்தொண்ணுங்க."

"உக்காந்தது இருபத்திரண்டு பேர்," என்றார் கம்ப்யூட்டர்காரர் தாளைப் பார்த்து.

"இல்லைங்க. இருபத்தொண்ணுதான். சொல்லச் சொல்லச் சீட்டுல கோடு போட்டுக்கிட்டே வந்தேன்."

மகள் சட்டென்று தாளை இழுத்துப் பார்த்தாள். அதில் பேர்கள் கிடையாது, எண்கள் மட்டும். எந்த எண் யார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா சொன்ன பட்டப்பேர்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் பொருத்திக்கொண்டே வந்தவளின் விரல் ஒரு வரியில் நின்றது.

"அந்த ஒருத்தர் எத்தனை?" என்றார் டாக்டர் அம்மா.

"பன்னண்டு மேடம்."

கம்ப்யூட்டர்காரர் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார். "அவருக்கு வேற யாராவது சொல்லியிருக்கலாம்."

"இருக்கலாம்," என்றாள் மகள். "ஒருத்தரை வச்சு ஒண்ணும் சொல்லவும் முடியாது. ஆனா..."

"ஆனா பாக்காம மூடவும் முடியாது," என்று முடித்தார் டாக்டர் அம்மா. "ஒரு வாரம் தர்றேன். புது வீடியோ, புது மாற்றங்கள். அந்த ஒருத்தரைத் திரும்ப உக்காரவை. எங்க எதிரில. அதுக்கப்புறம் நீ தொடரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோம். பெரியவரே, உங்களுக்கும் ஒண்ணு. அந்த ஆளுகிட்ட இதைப் பத்தி ஒரு சொல் பேசக் கூடாது. அவர் நல்லா செஞ்சார்னுகூடச் சொல்லக் கூடாது. சொன்னீங்கன்னா அதுவும் போச்சு."

வெளியே வந்ததும் மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருன்னு என்னைக் கேக்காதீங்கப்பா. நான் சொல்லக் கூடாது. கண்டுபிடிக்கவும் பாக்காதீங்க. தயவு செஞ்சு இந்தத் தடவை எனக்கு எந்த உதவியும் பண்ணாதீங்க."

"கேக்கலம்மா," என்றார் பெரியவர்.

கேட்கத் தேவையில்லை. பதினேழாம் நம்பருக்கு மொத்தம் இருபத்து மூன்று டிரைவர்கள். அதில் இவர் ஒன்று, சொல்லிக்கொடுத்தது இருபத்தொன்று. மீதி சின்னவர் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியா வேண்டும்? காலையிலிருந்து இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று காதில் விழுந்தும் மனிதருக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதையை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குச் சின்னவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. பெரியவருக்குக் கூடப்பிறந்த தம்பி, அதே டிப்போ, அதே ரூட். ஒன்பது வருஷத்துக்கு முன் மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்த அன்று, "பொட்டப்புள்ள மனசைப் பத்திப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று எல்லார் எதிரிலும் சொன்னவர். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினார். தினம் ஆறு தடவை இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும். மற்ற டிரைவர்கள் கையைத் தூக்குவார்கள். இவர்கள் இரண்டு பேரும் ரோட்டைப் பார்ப்பார்கள்.

அந்தத் தம்பி வந்து உட்கார்ந்திருக்கிறான். அண்ணனுக்குத் தெரியாமல், அண்ணன் பெண்ணுக்காக. பெரியவர் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

டெர்மினஸில் இவர் பஸ்ஸுக்கு முன்னால் சின்னவரின் பஸ் புறப்படத் தயாராக நின்றது. வழக்கமாக இவர் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். இன்று கால் நேராகப் போனது. டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றது. சோதனையைப் பற்றித்தானே பேசக் கூடாது? தம்பியைக் கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

"டேய்."

சின்னவர் திரும்பினார். அண்ணனைப் பார்த்ததும் அலறி அடித்துக்கொண்டு கதவைத் திறந்து குதித்தார்.

"பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடா. நல்லா இருக்கா."

"ஒண்ணும் ஆகாமலா நீ என்கிட்ட பேசற? இன்னிக்குத்தானே அவளுக்குக் கமிட்டி? ஊத்திக்கிச்சா?"

தேதிகூடத் தெரிந்து வைத்திருக்கிறான். பெரியவர் வாயைத் திறந்தார், மூடினார். சின்னவருக்கு அந்த மூடின வாயே பதிலாகிவிட்டது.

"என்னாலதானே?" என்றார். முகம் கோணிக்கொண்டு வந்தது. "நானும் போய் உக்காந்தேண்ணே. உனக்குத் தெரிய வேணாம்னு பாப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன். நீ எல்லாருக்கும் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தியாமே, ஹாரன் நேத்துதான் சொன்னான். சொல்லாம விட்டது என்னை ஒருத்தனைத்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது. உறுத்தின இடத்துல எல்லாம் அமுக்கிட்டு வந்துட்டேன்."

"அது இல்லடா..." பெரியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்லா செஞ்சார்னுகூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அதுவும் போச்சு.

"நீ மறைக்காத. அன்னிக்கு அவ படிப்பை வாயால கெடுக்கப் பாத்தேன். இப்ப கையால கெடுத்துட்டேன். பாப்பாகிட்ட சொல்லிடு, இனிமே என்னைக் கூப்பிட வேணாம்னு. கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

மணி அடித்தது. சின்னவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டில் ஏறினார். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

"அண்ணே! டயம் ஆச்சு, வாங்க!" என்று பின்னாலிருந்து குருவி கத்தினாள்.

இருபத்தொரு பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்த மனிதர், தம்பிக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு சொல்லை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, அந்தப் பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.